முனி இல்லாத முனியறைகள்

தேவிகுளத்தில் ஓர் ஏரி இருக்கிறது. சீதாதேவி அதில் குளித்தாள் என்பது கதை. ஊரின் பெயரும் அப்படித்தான் வந்தது என்கிறார்கள். அங்கிருந்து மூணாறு போய், வடகிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் இறங்கினால் தேயிலை முடிந்து சந்தன மரங்கள் தொடங்கும் இடத்தில் மறையூர் வரும். வனவாசத்தின்போது பாண்டவர்கள் மறைந்திருந்த ஊர், அதனால் மறையூர் என்பது இன்னொரு கதை. அந்த ஊரின் பாறைக் குன்றுகளில் கற்பலகைகளால் ஆன சிறு சிறு அறைகள் ஒன்றிரண்டாகவும் கூட்டமாகவும் நிற்கின்றன. அவற்றின் பெயர் முனியறை. முனிவர்கள் தனியே உட்கார்ந்து தவம் செய்த அறைகளாம். இது மூன்றாவது கதை.

மூன்று கதைகளில் மூன்றாவதுதான் பார்ப்பவரை எளிதில் நம்ப வைக்கிறது. நான்கு பக்கமும் செங்குத்தாக நிறுத்திய கருங்கல் பலகைகள். மேலே மூடியாக இன்னொரு பெரிய பலகை. சுண்ணாம்பு இல்லை, காரை இல்லை. பெரும்பாலானவற்றுக்குள் ஓர் ஆள் குனிந்து நுழைந்து சம்மணம் போட்டு உட்காரலாம். நிமிர்ந்து நிற்க முடியாது. தவம் செய்ய அளவெடுத்துக் கட்டியது போலவே இருக்கிறது. கீழே பாம்பாறு ஓடுகிறது. சுற்றிலும் மலை. மாலை வெயில் சாயும் நேரத்தில் அங்கே நிற்பவரின் மனம் தானாகவே ஒரு முனிவரை உள்ளே உட்கார வைத்துவிடும்.

இந்தக் காட்சி மறையூருக்கு மட்டும் சொந்தமானதல்ல. 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய நீர்வண்ண ஓவியங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த படம். இடிந்த தூண்கள், சரிந்த வளைவு, கல்லிடுக்கில் முளைத்த செடி, நடுவே மண்டியிட்டோ கைகூப்பியோ தனியாக ஒரு மனிதர். இடம் சில படங்களில் ரோம், சிலவற்றில் எகிப்து, சிலவற்றில் சிரியா. ஆள் மாறுவார், மதம் மாறும்; அமைப்பு மாறாது. ஐரோப்பாவின் ஓவியர்களும் மறையூரின் மலைவாசிகளும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே படத்தை வரைந்திருக்கிறார்கள். ஒருவர் தாளில் வரைந்தார், மற்றவர் ஒரு பெயரில் வரைந்தார்.

இரண்டு படங்களிலும் ஒரே பிழை இருக்கிறது. அந்தப் பிழையால் விளைந்த நன்மையும் உண்டு, கேடும் உண்டு.

முதலில் பிழை. தொல்லியல் அறிஞர்களுக்கு முனியறைகள் கல்திட்டைகள். பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள். தென்னிந்தியாவில் இரும்புப் பயன்பாடு பரவிய காலத்தோடு இவற்றைச் சேர்த்துப் பேசுவது வழக்கம். அந்தக் காலத்தின் தொடக்கமே இப்போது பின்னோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த சான்றுகளைக் கொண்டு, அங்கே கி.மு. 2172லேயே இரும்பு புழங்கியது என்று தமிழக அரசு 2022ல் அறிவித்தது. மறையூரின் ஒவ்வொரு கல்லுக்கும் இன்ன ஆண்டு என்று முத்திரை குத்த முடியாவிட்டாலும், இவை இறந்தவர்களுக்காக எழுப்பப்பட்டவை என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய சண்டை இல்லை.

தென்னாட்டின் பல பெருங்கற்கால இடங்களில் தோண்டியவர்களுக்குக் கிடைத்தவை எலும்புத் துண்டுகள், கறுப்பு சிவப்பு மண்பாண்டங்கள், இரும்புக் கருவிகள், மணிகள். பல இடங்களில் உடலை அப்படியே புதைக்கவில்லை. வேறிடத்தில் விட்டு வைத்து, பிறகு எலும்புகளில் சிலவற்றைப் பொறுக்கி எடுத்து வந்து வைத்திருக்கிறார்கள். ஒரே அறையில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்ததும் உண்டு. சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு இது அந்நியமல்ல. இறந்தவரை வைக்கும் தாழியைப் பற்றிப் புறநானூற்றின் 256ஆம் பாட்டு பேசுகிறது.

அதாவது, அறைக்குள் முனிவர் இல்லை. அதைவிட முக்கியமானது, அங்கே தனிமையும் இல்லை. ஒரு கல்திட்டையை எழுப்ப என்னவெல்லாம் வேண்டும் என்று யோசித்தால் போதும். பாறையில் இருந்து பலகையாகப் பெயர்க்க வேண்டும். நெருப்பு மூட்டிச் சூடாக்கி, தண்ணீர் ஊற்றிப் பிளக்கும் முறை நம் கல் தச்சர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்தது. பிளந்த பலகையை நெம்புகோல் வைத்துப் புரட்டி, கட்டி இழுத்து, மேட்டுக்குக் கொண்டுவர வேண்டும். நான்கையும் சரியாமல் நிறுத்தி, அவற்றின் தலையில் மூடியை ஏற்ற வேண்டும். ஒருவரால் ஆகிற காரியமா? கயிறு திரிப்பவர், தண்ணீர் சுமப்பவர், சோறு பொங்குபவர், முறை தெரிந்து நடத்துபவர் எல்லாரும் சேர்ந்த ஒரு கூட்டம் வேண்டும். நம் ஊர்களில் இன்றைக்கும் ஒரு சாவு விழுந்தால் கூடுகிற கூட்டம் போல.

அந்தக் கூட்டம் படத்தில் இல்லாமல் போனது எப்படி?

இடிபாடுகளை அழகாகப் பார்க்கும் ரசனை 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வேர்விட்டது. பிரெஞ்சு ஓவியர் யுபேர் ரோபேர், 1760ஐ ஒட்டி, ரோமானியக் கோயிலின் இடிபாட்டில் பிரார்த்தனை செய்யும் துறவியை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அந்தப் படம் இப்போது அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. துறவி ஜபத்தில் மூழ்கியிருக்க, இளம்பெண்கள் அவரிடம் குறும்பு செய்கிறார்கள். வரைந்தவருக்கே அந்தப் பக்தி கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்திருக்கிறது.

இங்கிலாந்தில் வேடிக்கை இன்னும் முற்றியது. பணக்காரப் பிரபுக்கள் தங்கள் தோட்டத்தில் செயற்கையாக இடிபாடு கட்டினார்கள். சிலர் அதற்குள் உட்கார ஆள் தேடினார்கள். சர்ரே மாவட்டத்தில் பெயின்ஸ்ஹில் தோட்டத்தை அமைத்த சார்லஸ் ஹாமில்டன், ஏழு ஆண்டுகள் முடி வெட்டாமல், யாரிடமும் பேசாமல், துறவியாக இருந்தால் 700 கினி தருவதாகச் சொல்லி ஓர் ஆளை அமர்த்தினாராம். அந்தத் துறவி மூன்றே வாரத்தில் மதுக்கடையில் பிடிபட்டார் என்று கதை சொல்வார்கள்.

இந்த ரசனைக்கு இலக்கணம் எழுதியவர்களில் முக்கியமானவர் வில்லியம் கில்பின் என்ற பாதிரியார். 1792ல் வெளியான இவருடைய கட்டுரைகள் ஒரு தலைமுறையின் கண்ணையே பழக்கின. கில்பினின் ரசனைப்படி, படத்தில் மனிதர்கள் குறைவாக இருக்க வேண்டும். இருப்பவர்களும் வேலை செய்யக் கூடாது. உழைக்கும் தொழிலாளியைவிடச் சும்மா சாய்ந்திருக்கும் மாட்டிடையனே படத்துக்கு அழகு. இந்த விதியின்படி, இடிபாட்டில் தனியே பிரார்த்திப்பவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கடினம். அவர் எந்த வேலையும் செய்வதில்லை, எதையும் கேட்பதில்லை, அசைவதும் இல்லை.

இந்த வகைப் படங்களில் உச்சம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், ஜான் கான்ஸ்டபிளின் ‘ஸ்டோன்ஹெஞ்ச்’ நீர்வண்ண ஓவியத்தைச் சொல்லலாம். 1820 ஜூலையில் நேரில் போய்ப் பென்சிலால் கோடு போட்டு வந்த காட்சியை, 15 ஆண்டுகள் கழித்து வண்ணத்தில் தீட்டினார். 1836ல் லண்டன் ராயல் அகாடமியில் காட்சிக்கு வந்த அந்தப் படம் இப்போது விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த இடைக்காலத்தில் அவர் மனைவி இறந்துவிட்டார். நெருங்கிய நண்பரும் இறந்துவிட்டார். படத்தில் கருநீல வானம் கொந்தளிக்கிறது. இரட்டை வானவில் இறங்குகிறது. சாய்ந்தும் சரிந்தும் நிற்கும் ராட்சசக் கற்களிடையே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஓரத்தில் ஒரு முயல் ஓடுகிறது. அது தனித் தாளில் வரைந்து ஒட்டியது. உட்கார்ந்திருப்பவர் பிரார்த்திக்கிறாரா, களைத்துப் போயிருக்கிறாரா என்று கான்ஸ்டபிள் சொல்லவில்லை. படத்தைப் பார்ப்பவர் அந்த இடத்தில் தன்னை வைத்துக்கொள்கிறார்.

ஸ்டோன்ஹெஞ்சும் பெருங்கல் சின்னம்தான். மறையூருக்கு அது தூரத்து உறவு கூட இல்லை. காலம் வேறு, மக்கள் வேறு. ஆனால் அந்தக் கற்களுக்கும் அதே பிழை நேர்ந்தது. அவற்றை டிரூயிடுகள் என்ற பழைய பூசாரிகளின் கோயில் என்று வில்லியம் ஸ்டூக்லி 1740ல் புத்தகம் எழுதினார். இங்கிலாந்து முழுக்க அதை நம்பியது. வெண்தாடியும் அங்கியுமாக டிரூயிடு முனிவர்கள் கற்களிடையே நடமாடினார்கள், கற்பனையில். அங்கே பெரிய கற்கள் நிறுத்தப்பட்டது கி.மு. 2500ஐ ஒட்டி, டிரூயிடுகளைப் பற்றிய செய்திகள் அதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிந்தியவை என்பது பின்னால் தெரிந்தது. தோண்டியபோது அங்கேயும் எரித்த மனித எலும்புகள் கிடைத்தன. பழைய கல்லைப் பார்த்தால் முனிவரை நினைப்பது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை.

இந்தக் கண்தான் கப்பல் ஏறி இந்தியாவுக்கு வந்தது. வருவதற்கு வசதியாக வண்ணப் பெட்டியும் சிறுத்துப் போயிருந்தது. 1780ஐ ஒட்டி லண்டனில் ரீவ்ஸ் என்பவர் நீர்வண்ணத்தைக் கட்டியாக்கி விற்கத் தொடங்கினார். கல்லில் அரைக்க வேண்டாம், எண்ணெய் காயக் காத்திருக்க வேண்டாம். ஒரு தூரிகை, ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். குதிரை மேல் போகும் ராணுவ அதிகாரிக்கு இது ஒரு கருவியாயிற்று. வூல்விச் ராணுவக் கல்லூரியில் 1768ல் இருந்து 1796 வரை ஓவியம் கற்பித்தவர் பால் சாண்ட்பி என்ற பெரிய நீர்வண்ணக் கலைஞர். 1809ல் கம்பெனி தன் ராணுவத்துக்காக அடிஸ்கோம்பில் தொடங்கிய பயிற்சிக் கல்லூரியிலும் ஓவியம் பாடமாக இருந்தது. காமிரா வராத காலம். கோட்டையை, கணவாயை, ஆற்றைக் கண்டவுடன் வரைந்து அனுப்பத் தெரிய வேண்டும். அதே கை ஓய்வு நேரத்தில் கோயிலையும் வரைந்தது.

தாமஸ் டேனியலும் அண்ணன் மகன் வில்லியமும் 1792ல் தமிழ்நாட்டில் சுற்றினார்கள். அவர்களுடைய 144 அச்சுப் படங்கள் 1795ல் இருந்து 1808 வரை லண்டனில் வெளியாகி, இந்தியா என்றால் ஆலமரமும் பாழடைந்த கோபுரமும்தான் என்று ஐரோப்பாவை நம்ப வைத்தன. சென்னையில் இருந்த ஜான் கான்ட்ஸ் 1825ல் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலை நீர்வண்ணத்தில் தீட்டினார். வடக்கே, கவர்னர் ஜெனரலின் படகு வரிசையோடு 1814, 1815ல் பயணம் செய்த சீதாராம் என்ற வங்காள ஓவியர், கங்கைச் சமவெளி முழுவதையும் நூற்றுக்கணக்கான நீர்வண்ணப் படங்களாக்கினார். இந்தியக் கையும் அந்தக் கண்ணைக் கற்றுக்கொண்டது.

தேவிகுளத்துக்கும் இந்தக் கதைக்கும் ஒரு குடும்பத் தொடர்பே இருக்கிறது. சென்னை ராணுவத்தில் இருந்த பிரான்சிஸ் ஸ்வெயின் வார்டு, தென்னாட்டுக் கோயில்களையும் கோட்டைகளையும் வரைந்த முதல் ஆங்கிலேயர்களில் ஒருவர். 1773ல் பத்து ஓவியங்களைக் கம்பெனிக்குக் கொடுத்தார். அவர் 1794ல் இறந்தபோது மகன் பெஞ்சமின் சிறுவன். அந்தப் பெஞ்சமின் ஸ்வெயின் வார்டுதான் வளர்ந்து சர்வேயர் ஆகி, கானருடன் சேர்ந்து 1816ல் இருந்து 1820 வரை திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்தார். மூணாறையும் மறையூரையும் உள்ளடக்கிய உயர்மலைப் பகுதியை பிரிட்டிஷ் காகிதத்தில் ஏற்றியது அந்த சர்வே. 1862ல் ஆனைமுடியில் ஏறியதாகப் பதிவாகியுள்ள முதல் ஆள் டக்ளஸ் ஹாமில்டன். அவரும் கையில் துப்பாக்கியோடு ஓவியத் தாளும் வைத்திருந்த ராணுவ அதிகாரி. ஆனைமலை, பழனிமலைக் காட்சிகளை வரைந்து அரசுக்குக் கொடுத்தவர்.

வார்டு வந்தபோது அஞ்சுநாடு காலி இடமாக இல்லை. மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்று ஐந்து ஊர்கள். மதுரைப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் குடியானவர்கள், காட்டை அறிந்த முதுவர்கள், மலைப்புலையர்கள் எல்லாரும் இருந்தார்கள். படம் வரைவதற்கும் அந்தப் பள்ளத்தாக்கு ஆங்கிலேயருக்காகக் காத்திருக்கவில்லை. மறையூரைச் சுற்றியுள்ள பாறை ஒதுக்குகளில் சிவப்பிலும் வெள்ளையிலும் மான் போன்ற விலங்குகளும் மனித உருவங்களும் தீட்டப்பட்டிருக்கின்றன. எழுத்தளை என்று ஓர் இடத்துக்குப் பெயர். அளை என்றால் குகை, எழுதப்பட்ட குகை. வரைந்தவர்கள் பெயர் தெரியாது. ஆனால் பாறையில் இருப்பது கூட்டம். தனி முனிவர் இல்லை.

வெளியில் இருந்து வந்த கண்ணுக்கு இந்த மக்கள் படத்தின் அளவுகோலாகத்தான் பயன்பட்டார்கள். கோபுரம் எவ்வளவு உயரம் என்று காட்ட அடியில் ஓர் ஆள். பார்ப்பவர் மனதில் அந்தப் படங்கள் மெல்ல ஒரு கருத்தை விதைத்தன: கட்டியவர்கள் என்றோ போய்விட்டார்கள், இப்போது இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியாது, ஆகவே காப்பாற்றும் பொறுப்பு நமக்கு. 1861ல் தொல்லியல் அளவைத் துறை பிறந்ததற்கும், 1904ல் கர்சன் காலத்தில் பழஞ்சின்னப் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்கும் பின்னால் இந்த எண்ணமும் இருந்தது. அந்தத் துறையும் சட்டமும் செய்த நன்மையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் உள்ளூர்க்காரருக்கு அங்கே என்ன வேலை என்ற கேள்விக்கு அன்று கிடைத்த பதில், பெரும்பாலும் காவல்காரர் வேலைதான்.

இனி பிழையால் வந்த நன்மை.

தமிழில் முனி என்ற சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. ஒன்று கமண்டலமும் தாடியுமாக இருக்கும் ரிஷி. மற்றது ஊர் எல்லையில் அரிவாளோடு உட்கார்ந்திருக்கும் முனி. முனீஸ்வரன், முனியாண்டி, வாழ்முனி, செம்முனி. உச்சி வெயிலில் முனி நடமாடும் இடத்தில் பிள்ளைகள் போகக் கூடாது. முனி இருக்கும் மரத்தில் கிளை ஒடிக்கக் கூடாது. முதல் முனிக்கு மரியாதை. இரண்டாம் முனிக்குப் பயம். முனியறை என்று சொல்லும்போது காதில் இரண்டும் சேர்ந்தே விழுகிறது.

ஒரு கருங்கல் பலகை கிராமத்தில் எத்தனை வேலைக்கு ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். வாசற்படி, துவைக்கிற கல், வாய்க்கால் மேல் போடும் பாலம், மாட்டுத் தொழுவத்துச் சுவர். யாரோ பிளந்து, சமமாக்கி, தயாராக வைத்துவிட்டுப் போன பலகைகள் குன்றின் மேல் பல நூறு ஆண்டுகளாகக் கேட்பாரில்லாமல் நின்றன. எடுத்துப் போயிருக்கலாம். எல்லாவற்றையும் எடுக்கவில்லை. முனி இருந்த இடம் என்ற ஒரு வார்த்தை செய்த காவலுக்கு அதில் பங்கு உண்டு என்று நினைக்க இடமிருக்கிறது. தமிழகத்தின் மற்ற இடங்களில் இதே கற்களுக்குப் பாண்டவர் வீடு, வாலியர் வீடு, குள்ளர் வீடு என்று பெயர்கள். நிஜமாக உள்ளே இருந்தவர்கள் மறந்துபோனார்கள். ஆனாலும் யாருடையதோ வீடு என்ற நினைப்பு மட்டும் மறக்கவில்லை.

அப்படி யாரும் இல்லாத இடிபாட்டுக்கு என்ன ஆகும் என்பதற்கு மலையிலிருந்து இறங்கிச் சோழ நாட்டுக் கடற்கரைக்குப் போக வேண்டும். நாகப்பட்டினத்தில் மூன்று நிலையில் ஒரு செங்கல் கோபுரம் இருந்தது. புதுவெளிக் கோபுரம் என்பார்கள். சீனக் கோபுரம் என்றும் பெயர். ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய சூடாமணி விகாரத்தோடு அதைச் சேர்த்துப் பேசுகிறார்கள். அந்த விகாரத்துக்குச் சோழன் ஆனைமங்கலம் கிராமத்தை விட்டுக்கொடுத்த செய்தி லெய்டன் செப்பேட்டில் இருக்கிறது. 1846ல் வால்டர் எலியட் அந்தக் கோபுரத்தைப் பார்த்துப் படம் வரைந்து வைத்தார். அப்போதே அது சிதைந்து, செடி முளைத்துக் கிடந்தது. அதற்கு முன் கைகூப்ப ஊரில் பௌத்தர் யாரும் மிச்சமில்லை. அந்த இடத்தில் கட்டடம் கட்ட விரும்பிய யேசு சபைப் பாதிரிமார் கோபுரத்தை இடிக்க அனுமதி கேட்டார்கள். 1867ல் சென்னை அரசு சம்மதித்தது. கோபுரம் போயிற்று.

மண்ணுக்கடியில் இருந்த புத்தர் படிமங்கள் 1856ல் வெளிவரத் தொடங்கி, 1934 வரை சுமார் 350 கிடைத்தன. பல இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கோபுரம் எப்படி இருந்தது என்று அறிய எலியட்டின் படம்தான் மிச்சம். அவர் வரையாமல் போயிருந்தால் அதுவும் இல்லை. வெளியார் கண் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது என்பதற்கு இதுவே சாட்சி. ஆனால் அவர் வரைந்த படம் கோபுரத்தைக் காப்பாற்றவில்லை என்பதும் உண்மை. 21 ஆண்டுகளுக்குள் இடித்துவிட்டார்கள். அது எங்களுடையது என்று சொல்ல ஊரில் ஆள் இல்லாமல் போனால், படம் நினைவுக்கு ஆகும், காவலுக்கு ஆகாது.

மறையூருக்கு இன்று இந்தக் கேள்விதான் எஞ்சியிருக்கிறது. முனியைப் பற்றிய பயம் ரோடு போட்ட இடமெல்லாம் குறைந்துகொண்டே வருகிறது. தென்னிந்தியா முழுவதும் பெருங்கற்கால இடங்கள் கல்குவாரிக்கும் வீட்டு மனைக்கும் புதையல் தேடுபவர்களின் கடப்பாரைக்கும் பலியாகி வருகின்றன. மறையூரின் கல்திட்டைகளைக் கேரளத் தொல்லியல் துறை 1976ல் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. இருந்தும் பல அறைகளில் மூடி சரிந்து கிடக்கிறது. பக்கப் பலகை உடைந்திருக்கிறது. மூணாறுக்கு வரும் சுற்றுலாக் கூட்டத்தில் ஒரு பகுதி இங்கேயும் இறங்குகிறது. மூடிக்கல் மேல் ஏறி நின்று போட்டோ எடுக்கத் தோன்றுகிறது. தவம் செய்த இடம் என்று நம்புபவர் செருப்பைக் கழற்றுவார். ஆளில்லாத பழைய கல் என்று நினைப்பவர் ஏறி நிற்பார். கல்லறை என்று தெரிந்தால்?

இதைத்தான் யாரும் உரக்கச் சொல்வதில்லை. தகவல் பலகையில் ‘பெருங்கற்காலச் சின்னம்’ என்று எழுதினால் அது துறையின் சொத்து என்று படுகிறது. ‘முனிவர் தவம் செய்த இடம்’ என்று வழிகாட்டி சொன்னால் அது புராணம் என்று படுகிறது. இரண்டும் பார்க்க வந்தவரைத் தள்ளியே நிறுத்துகின்றன. இது செத்தவர்களின் வீடு. பெற்றவர்களையோ பிள்ளைகளையோ இழந்த ஒரு கூட்டம், எலும்பைப் பொறுக்கி எடுத்து வந்து, மழை படாமல் கல்லால் மூடி வைத்த இடம் என்று சொன்னால் புரியாதவர் யாரும் இருக்க மாட்டார். சொந்த ஊர்ச் சுடுகாட்டுச் சமாதி மேல் யாரும் ஏறி நிற்பதில்லை. அதற்குக் காவல்காரரும் தேவைப்படுவதில்லை.

தேவிகுளம் தாலுகா யாருக்குச் சொந்தம் என்று 1950களில் பெரிய போராட்டமே நடந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி அது கேரளத்தோடு நின்றது. பாம்பாறு அதைப் பொருட்படுத்தவில்லை. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளில் ஒன்றான அது, எல்லை தாண்டி அமராவதியாகி, கரூர் பக்கம் காவிரியில் போய்ச் சேருகிறது. அந்த ஆற்றங்கரைக் கற்களும் எல்லைக் கோட்டுக்கு முந்தியவை. மலையாளத்தில் முனியற, தமிழில் முனியறை. பலகை எந்த மொழியில் இருந்தாலும் சொல்ல வேண்டியது ஒன்றுதான்.

19ஆம் நூற்றாண்டு ஓவியர் ஒருவர் மறையூர்க் குன்றில் தாளை விரித்திருந்தால், ஒரு முனியறையின் முன் ஒரே ஓர் ஆளைக் கைகூப்பி உட்கார வைத்திருப்பார். படம் அழகாகவே வந்திருக்கும். இன்று ஒருவர் வரைவதானால் கொஞ்சம் சிரமப்பட வேண்டும். கயிற்றைப் பிடித்து இழுப்பவர்கள், நெம்புகோலுக்கு அண்டைக் கல் வைப்பவர், பானையோடு நிற்கும் பெண், கூட்டத்தில் கால் வலித்து அழும் குழந்தை, ஓரமாக மடியில் எலும்பு முடிச்சோடு உட்கார்ந்திருக்கும் வயதானவர். அவ்வளவு பேரையும் வரைய வேண்டியிருக்கும்.